25 வீத வாக்குக்கு 3 ஆசனம் எப்படி? யாழ். மாவட்ட முடிவு பற்றிய கேள்விகளும் பதில்களும்

பல தேர்தல்களில் வாக்கெண்ணும் மேசையில் இருந்தவன் நான். 2024 நவம்பர் 14 பாராளுமன்றத் தேர்தலின் யாழ்ப்பாண முடிவு பற்றி நீங்கள் கேட்டவற்றுக்குப் பதில் எழுத முன், இலக்கங்களை ஒருக்கா வைத்துவிடுகிறேன். கிளிநொச்சியும் சேர்ந்த யாழ். தேர்தல் மாவட்டத்துக்கு 6 ஆசனங்கள். சின்னமும் அது எடுத்த வாக்கும்: திசைகாட்டி (தேசிய மக்கள் சக்தி) 80,830. வீடு (தமிழரசுக் கட்சி) 63,327. சைக்கிள் (தமிழ்க் காங்கிரஸ்) 27,986. ஊசி (சுயேச்சைக் குழு 17) 27,855. சங்கு (ஜனநாயகத் தமிழ்த் தேசியக் கூட்டணி) 22,513. வீணை (ஈ.பி.டி.பி.) 17,730. ஆசனங்கள்: திசைகாட்டிக்கு 3, வீடு, சைக்கிள், ஊசிக்கு ஒவ்வொன்று.

கோப்பாயிலிருந்து: அண்ணை, நூறு பேரில் 25 பேர்கூடப் போடவில்லை. பாதி ஆசனம் எப்படிப் போனது?

முதலிடம் வந்த கட்சிக்கு ஒரு போனஸ் ஆசனம். அது பிரிப்புக்கு முதலே போய்விடும். மிச்சம் 5. செல்லுபடியான வாக்கு 325,312. அதில் 5 வீதம் எடுக்காத பட்டியல்களைக் கழித்துவிடுவார்கள். மேலே சொன்ன ஆறு பட்டியல்களின் 240,241 வாக்குகள்தான் மிஞ்சும். அதை 5-ஆல் பிரித்து, பின்னம் வந்தால் அடுத்த முழு எண்ணை எடுத்தால், ஓர் ஆசனத்தின் விலை 48,049. முழு விலையையும் கொடுக்கக்கூடிய கட்சிகள் இரண்டுதான்: திசைகாட்டி, வீடு. ஒவ்வோர் ஆசனம். இன்னும் மூன்று இருக்கிறது. அவை கூடிய மீதி உள்ளவர்களுக்கு: திசைகாட்டி 32,781, சைக்கிள் 27,986, ஊசி 27,855. ஆக திசைகாட்டிக்குப் போனஸ் ஒன்று, முழு விலைக்கு ஒன்று, மீதிக்கு ஒன்று.

கழித்துவிட்டவர்களின் கணக்கையும் பாருங்கோ. 85,071 வாக்குகள். முதலிடம் வந்த கட்சி எடுத்ததைவிடக் கூட! அவ்வளவும் சின்னச் சின்னப் பட்டியல்களுக்குச் சிதறி, ஓர் ஆசனத்தையும் தராமல் போனவை. இரவிரவாக வரிசை வரிசையாக அந்த இலக்கங்களை எழுதுகிறவனுக்கு மனம் கனக்கும்.

மானிப்பாயிலிருந்து: வீட்டுக்கு 63 ஆயிரம், ஊசிக்கு 27 ஆயிரம். இரண்டுக்கும் ஒவ்வொன்றா?

வீடு ஓர் ஆசனத்துக்கான விலையைக் கொடுத்த பிறகு கையில் மிஞ்சியது 15,278. மீதிப் பந்தயத்தில் அது சங்குக்கும் வீணைக்கும் பின்னால். அநியாயமாகத் தெரியும், எனக்கும் தெரிகிறது. ஆனால் இதே விதிதான் சிறிய குழுக்களையும் உள்ளே விடுகிறது. 1988-ல் அரசியலமைப்பின் 15-ஆம் திருத்தம் வரும்வரை வெட்டுப்புள்ளி பன்னிரண்டரை வீதம். அது இன்றும் இருந்திருந்தால் திசைகாட்டிக்கு 4, வீட்டுக்கு 2, மற்ற எல்லோரும் வெறுங்கையோடு போயிருப்பார்கள்.

ஊர்காவற்றுறையிலிருந்து: வீணை 5 வீதம் தாண்டியும் ஒன்றுமில்லையே?

5 வீதம் கதவைத் திறக்கும், கதிரையைத் தராது. 17,730 அந்த மூன்று மீதி ஆசனங்களுக்குப் போதவில்லை. 1994 முதல் பாராளுமன்றத்தில் இருந்த வீணையின் தலைவர் டக்ளஸ் தேவானந்தா வெளியே நின்றது அதனால்தான்.

நல்லூரிலிருந்து: வீடும் சங்கும் பழையபடி ஒன்றாய்க் கேட்டிருந்தால்?

இந்தக் கேள்வியைத்தான் எதிர்பார்த்தேன். கூட்டிப் பாருங்கோ: 63,327-உம் 22,513-உம் 85,840. திசைகாட்டியைவிட 5,010 கூட. போனஸ் அப்படியே கைமாறும். விலை அதே 48,049. சேர்ந்த பட்டியலுக்குப் போனஸ் ஒன்று, முழு விலைக்கு ஒன்று, 37,791 மீதிக்கு ஒன்று: மூன்று. திசைகாட்டிக்கு 2, சைக்கிளுக்கு 1, ஊசிக்கு ஒன்றுமில்லை.

சங்குக்குப் போட்டவர் எல்லோரும் வீட்டுக்கும் போட்டிருப்பார்கள் என்று நான் சொல்ல வரவில்லை. சிலர் வீட்டோடு கோபித்துக்கொண்டுதான் அங்கே போனார்கள். என்றாலும் போனஸ் யாருக்கு என்பதைத் தீர்மானிக்கும் இடைவெளி அவ்வளவு சிறிது.

உடுப்பிட்டியிலிருந்து: செப்டம்பரில் அநுரவுக்கு இங்கே அவ்வளவாக இல்லையே. இரண்டு மாதத்துக்குள் என்ன நடந்தது?

ஜனாதிபதித் தேர்தலில் அவருக்கு இந்த மாவட்டத்தில் 27,086. நவம்பரில் அவருடைய கட்சிக்கு 80,830. இடையில் ஆட்சி மாறியது. புதிய ஆட்சிக்கு ஒரு சந்தர்ப்பம் கொடுத்துப் பார்ப்போம் என்ற எண்ணம் ஊருக்குள் இருந்தது. தமிழ்க் கட்சிகள் மீதான சலிப்பும் சேர்ந்தது. சங்கின் கதையையும் பாருங்கோ: செப்டம்பரில் தமிழ்ப் பொது வேட்பாளர் அரியநேத்திரன் அதே சின்னத்தில் 116,688 எடுத்தார். நவம்பரில் சங்குக்கு 22,513. சனம் சின்னத்துக்குப் போடவில்லை, ஒற்றுமைக்குப் போட்டது என்றுதான் நான் வாசிக்கிறேன்.

சாவகச்சேரியிலிருந்து: நிராகரிக்கப்பட்ட வாக்கு அதிகம் என்கிறார்கள். உண்மையா?

32,767. போட்டவர்களில் நூற்றுக்கு 9 பேர். சைக்கிளை ஓர் ஆசனத்துக்குக் கொண்டுபோன வாக்கைவிட அதிகம். வாக்குச்சாவடிவரை நடந்து, வரிசையில் நின்று, விரலில் மை பூசி, பிறகு எண்ணப்படாமல் போன வாக்குகள். எனக்கு இது எல்லாவற்றையும்விட வருத்தம்.

மேசையில் நான் கண்டவற்றில் கூடுதலானது இரண்டு கட்சிக்குப் புள்ளடி. ஒரு சீட்டு இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது: மேலே ஒரு சின்னத்துக்கு, கீழே இன்னொன்றுக்கு, அளவாக, கட்டத்துக்கு வெளியே போகாமல் போட்ட இரண்டு புள்ளடிகள். நடுங்காத கை. அவருக்கு ஒன்றுக்கு மேல் போடக்கூடாது என்று யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. மற்றது, கட்சியை விட்டுவிட்டு விருப்பு இலக்கத்துக்கு (பட்டியலில் உள்ள வேட்பாளரின் இலக்கத்துக்கு) மட்டும் போட்ட சீட்டு. அதுவும் செல்லாது. செப்டம்பரில் 1, 2, 3 என்று மூன்று வேட்பாளருக்குப் போடலாம் என்று படித்தவர்கள், நவம்பரில் குழம்பியிருக்கவும் இடமுண்டு.

வட்டுக்கோட்டையிலிருந்து: சுமந்திரன் எப்படித் தோற்றார்?

வீட்டுக்கு ஓர் ஆசனம்தான். கூடிய விருப்பு வாக்கு சிறீதரனுக்கு, 32,833. இரண்டாவது கதிரை இல்லை.

முதன்முறை வாக்களிக்கப்போகும் தங்கச்சி ஒருவர்: மூன்று விருப்பு வாக்கும் கட்டாயம் போடவேணுமா?

இல்லை பிள்ளை. முதலில் ஒரே ஒரு கட்சிக்கு அல்லது குழுவுக்கு ஒரு புள்ளடி. பிறகு விரும்பினால் அதே பட்டியலின் இலக்கங்களில் ஒன்றுக்கோ, இரண்டுக்கோ, மூன்றுக்கோ. நாலு போட்டால் விருப்பு வாக்குகள் போகும், கட்சி வாக்கு நிற்கும். விருப்பு வாக்கு ஒன்றுமே போடாவிட்டாலும் கட்சி வாக்கை எண்ணுவார்கள்.