மாணவர் குறைந்த அரசுப் பள்ளிகளை மூடினால் அமெரிக்காவில் ஏன் இத்தனை எதிர்ப்பு?

கேள்வி இதுதான்: அமெரிக்க நகரங்களில் பாதி காலியாகக் கிடக்கும் அரசுப் பள்ளிகளைக் கல்வி நிர்வாகம் மூட முனையும்போது அப்பகுதி மக்கள் ஏன் தெருவில் இறங்குகிறார்கள்? பிள்ளைகள் இல்லாத கட்டடத்தை நடத்துவது வரிப்பணத்தை வீணாக்குவது ஆகாதா?

கட்டடம் உண்மையிலேயே காலியாக இருந்தால் ஆகும் என்றுதான் நானும் சொல்வேன். ஆனால் எந்தப் பள்ளி காலி என்பதை யார், எந்த அளவுகோலை வைத்து முடிவுசெய்தார்கள் என்பதிலிருந்துதான் இந்தச் சண்டை தொடங்குகிறது. நான் சிகாகோவை ஒட்டிய புறநகர் ஒன்றில் வசிக்கிறேன். அந்த நகரம் 2013இல் கண்டது இவ்வகைச் சண்டைகளில் மிகப் பெரியது என்பதால், பொதுப்படையாகப் பேசாமல் அதை வைத்தே பதில் சொல்கிறேன்.

2013 மே 22 அன்று சிகாகோ கல்வி வாரியம் 49 தொடக்கப் பள்ளிகளையும் ஓர் உயர்நிலைப் பள்ளித் திட்டத்தையும் மூடுவதற்கு வாக்களித்தது. அங்கே தொடக்கப் பள்ளி என்றால் பெரும்பாலும் மழலையர் வகுப்பு முதல் எட்டாம் வகுப்பு வரை. ஒரு குழந்தையின் ஒன்பது ஆண்டுகள் அங்கேயே கழிகின்றன. இடம் மாற வேண்டியிருந்த மாணவர் ஏறத்தாழ 12,000 பேர். அவர்களில் பத்தில் ஒன்பது பேர் கறுப்பினப் பிள்ளைகள். நிர்வாகம் சொன்ன காரணங்கள் இரண்டு: நூறு கோடி டாலர் பற்றாக்குறை கண்முன் நிற்கிறது, ஐந்து லட்சத்துக்கும் மேற்பட்ட மாணவருக்கு இடமுள்ள பள்ளிகளில் 4,03,000 பேர்தான் படிக்கிறார்கள். கேட்பவருக்கு இதில் மறுக்க எதுவும் இருப்பதாகத் தோன்றாது.

பெற்றோர் அமைப்புகள் கணக்கைப் பிரித்துப் பார்த்தபோதுதான் சிக்கல் வெளியே வந்தது. வகுப்பறை ஒன்றுக்கு 30 மாணவர் என்பதை இலக்காக வைத்து, அந்த இலக்கில் 80 முதல் 120 விழுக்காடு வரை நிரம்பிய பள்ளி சரியாகப் பயன்படுகிறது என்று நிர்வாகத்தின் சூத்திரம் வகுத்திருந்தது. இதன்படி வகுப்புக்கு 36 பிள்ளைகளை உட்கார வைத்தாலும் அது நெரிசல் ஆகாது. 24 பேருக்குக் கீழே இறங்கினால் பள்ளி காலிப் பள்ளியாகிவிடும். 22 பிள்ளைகள் உள்ள வகுப்பு கிடைக்க வேண்டும் என்பதற்காகவே எங்கள் புறநகர்களில் பெற்றோர் கூடுதல் விலை கொடுத்து வீடு வாங்குகிறார்கள். அமெரிக்கா வந்திறங்கிய தமிழ்க் குடும்பங்கள் முதலில் பள்ளி மதிப்பெண்ணைப் பார்த்துவிட்டுப் பிறகுதான் வீட்டையே பார்க்கின்றன என்பது இங்குள்ள எல்லாருக்கும் தெரியும். நகரின் மேற்குப் பகுதியில் அதே எண்ணிக்கை பள்ளியை மூடுவதற்கான சான்றாக ஆயிற்று.

சிறப்புக் கல்வி வகுப்புகளை இந்தச் சூத்திரம் சரியாகக் கணக்கில் எடுக்கவில்லை என்பது இதைவிடக் கடுமையான குற்றச்சாட்டு. ஆட்டிசம் போன்ற நிலைகளோடு வரும் பிள்ளைகளின் வகுப்பில் சட்டப்படியே சிலரைத்தான் சேர்க்க முடியும். ஆகவே அத்தகைய பிள்ளைகளை அதிகமாக ஏற்றுக்கொண்ட பள்ளி, அந்தக் காரணத்தாலேயே தாளில் காலியாகத் தெரிந்தது. ஹம்போல்ட் பார்க் பகுதியிலிருந்த லஃபயெட் தொடக்கப் பள்ளி சிறப்புக் கல்வி மாணவரை மிகுதியாகக் கொண்டிருந்தது. நரம்பிசைக் குழுவுக்குப் பெயர் பெற்ற பள்ளியும் அதுதான். அதை மூடிய பின், கலைத் தேர்வின் வழியாக மாணவரைச் சேர்க்கும் உயர்நிலைப் பள்ளி ஒன்று அதே கட்டடத்துக்குக் குடிவந்தது. அக்கம்பக்கத்தார் இதை எப்படிப் புரிந்துகொண்டிருப்பார்கள் என்பதை நான் விளக்கத் தேவையில்லை.

பிள்ளைகள் குறைந்தது உண்மையல்லவா என்று கேட்கலாம். உண்மைதான்; ஆனால் எப்படிக் குறைந்தார்கள் என்பதற்கு நகரின் தென்பகுதியில் நீண்ட நினைவு இருக்கிறது. 1950களிலும் 60களிலும் நகரப் பள்ளிகளின் கண்காணிப்பாளராக இருந்த பெஞ்சமின் வில்லிஸ், கறுப்பினப் பள்ளிகள் பிதுங்கி வழிந்தபோதும் அருகிலிருந்த வெள்ளையர் பள்ளிகளின் காலி இடங்களுக்குப் பிள்ளைகளை அனுப்பாமல், வளாகத்தில் தகர வகுப்பறைகளைக் கொண்டுவந்து நிறுத்தினார். அவற்றை மக்கள் ‘வில்லிஸ் வண்டிகள்’ என்று ஏளனமாக அழைத்தார்கள். 1963 அக்டோபர் 22 அன்று இரண்டு லட்சத்துக்கும் அதிகமான மாணவர்கள் அதை எதிர்த்துப் பள்ளியைப் புறக்கணித்தார்கள். அதே காலத்தில் அரசு வீட்டு வசதித் துறை, ராபர்ட் டெய்லர் குடியிருப்பு என்று பதினாறு மாடிக் கட்டடங்கள் 28 எழுப்பி ஏழைக் குடும்பங்களை அங்கே அடுக்கியது. 2000க்குப் பிறகு ‘மாற்றத்துக்கான திட்டம்’ என்ற பெயரில் அவற்றை இடித்துக்கொண்டே போய், 2007இல் கடைசிக் கட்டடத்தையும் தரைமட்டமாக்கியது. குடும்பங்கள் சிதறின, அவர்களின் பிள்ளைகளுக்காகக் கட்டிய பள்ளிகளில் கூட்டம் குறைந்தது. போதாததற்கு, 2004இல் அறிவிக்கப்பட்ட இன்னொரு திட்டத்தின்படி அதே நகரம் சார்ட்டர் பள்ளிகள் (அரசுப் பணத்தில் தனி அமைப்புகள் நடத்துபவை) உட்பட நூறு புதிய பள்ளிகளைத் திறக்கப் புறப்பட்டது. எஞ்சிய மாணவர்கள் அவற்றுக்கும் பங்கானார்கள். பள்ளிகளை வெறுமையாக்கிய முடிவுகளும் நகர நிர்வாகத்தினுடையவை, வெறுமையைக் காட்டி மூடிய முடிவும் அதனுடையதே என்பதுதான் மூடலை எதிர்த்தவர்கள் திரும்பத் திரும்பச் சொன்னது. இதற்கு நிர்வாகத்திடமிருந்து நேரான பதில் வந்ததாக எனக்குத் தெரியவில்லை.

இந்த முடிவுகளுக்காக வாரியத்தை வாக்குச்சீட்டில் தண்டிக்கவும் அம்மக்களுக்கு அப்போது வழியிருக்கவில்லை. இலினாய் மாநிலத்தில் மற்ற எல்லாக் கல்வி மாவட்டங்களிலும் வாரிய உறுப்பினர்களை மக்களே தேர்ந்தெடுக்கிறார்கள். எங்கள் புறநகரில் அவர்கள் சம்பளம் இல்லாமல் பணியாற்றுபவர்கள், கடைத்தெருவில் எதிர்ப்பட்டால் நிறுத்திக் கேள்வி கேட்கலாம். சிகாகோவில் மட்டும் 1995ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி வாரியத்தையும் தலைமை நிர்வாக அதிகாரியையும் மேயரே நியமித்தார். 2013இல் மேயராக இருந்த ராம் இமானுவேல், மூடப்படவிருந்த பள்ளிகளின் பட்டியல் மார்ச் மாதத்தில் வெளியானபோது குடும்பத்தோடு பனிச்சறுக்கு விடுமுறையில் இருந்தார். அது தற்செயலாகவே இருக்கலாம், ஆனாலும் நகரம் அதை மறக்கவில்லை.

பட்டியலுக்கும் வாக்கெடுப்புக்கும் இடையே கருத்துக்கேட்புக் கூட்டங்கள் நடந்தன. ஆயிரக்கணக்கானோர் வந்தார்கள், கிடைத்த சில நிமிடங்களுக்குள் பேச வேண்டியதைப் பேசினார்கள். அவற்றை நடத்த அமர்த்தப்பட்ட ஓய்வுபெற்ற நீதிபதிகளே சில பள்ளிகளை மூடக் கூடாது என்று எழுதிக் கொடுத்தார்கள். வாரியம் அவற்றில் பலவற்றைப் பொருட்படுத்தவில்லை. ஆசிரியர் சங்கத் தலைவர் கேரன் லூயிஸ் முந்தைய ஆண்டுதான் ஏழு பள்ளி நாள்கள் நீடித்த வேலைநிறுத்தத்தை நடத்தி முடித்திருந்தார். மூடலை எதிர்த்த பேரணிகளிலும் அவரே முன்னணியில் நின்றார். ஆசிரியர்கள் வேலைக்காகத்தான் கத்துகிறார்கள் என்று சிலர் சொன்னார்கள். அதில் சிறிது உண்மை இருந்தாலும், வேலை போகும் கவலையே இல்லாத பாட்டிமார்களும் அந்தக் கூட்டங்களில் ஏன் அழுதார்கள் என்பதை அது விளக்காது.

அவர்களின் அச்சம் தெரு சார்ந்தது. புதிய பள்ளி சில வீதிகள் தள்ளித்தான் இருக்கும். ஆனால் இடையில் இரண்டு கும்பல்களின் எல்லை குறுக்கிடும். நிர்வாகமே இதை ஒப்புக்கொண்டது. ‘பாதுகாப்பான வழி’ என்ற திட்டத்தை விரிவுபடுத்தி, பளிச்சென்ற மேலங்கி அணிந்த பணியாளர்களைக் காலையிலும் மாலையிலும் தெருமுனைகளில் நிறுத்தியது. அந்த ஏற்பாடு பயனற்றது என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் இத்தகைய காவல் தேவைப்படும் தெருவில் ஆறு வயதுக் குழந்தையை நடக்கவிடும் முடிவை, அங்கே வசிக்காதவர்கள் எடுத்தார்கள்.

இனி விளைவு. சிகாகோ பல்கலைக்கழகத்தின் கல்வி ஆய்வுக் குழு இதைத் தொடர்ந்து கவனித்தது. நிர்வாகத்துக்குச் சாதகமான முடிவும் அதில் உண்டு: இடம்பெயர்ந்த மாணவரில் 93 விழுக்காட்டினர் தரப்புள்ளிகளில் முந்தையதைவிட மேலான பள்ளியில் சேர்ந்தார்கள். ஆனால் 2018இல் வெளிவந்த அறிக்கை, மூடல் அறிவிக்கப்பட்ட ஆண்டிலேயே அவர்களின் தேர்ச்சி சரிந்ததையும், கணிதத்தில் அந்தப் பின்னடைவு நான்கு ஆண்டுகள் வரை நீடித்ததையும் காட்டியது. இடம்பெயர்வின் குழப்பத்தையும், இரு பள்ளிச் சமூகங்கள் ஒரே கூரையின்கீழ் வந்ததால் எழுந்த உரசலையும் ஆசிரியர்கள் அந்த ஆய்வாளர்களிடம் விவரித்தார்கள். மூடிய கட்டடங்கள் பல, பத்தாண்டு கடந்தும் பலகை அடித்தே கிடந்தன. வடக்கே அப்டவுன் பகுதியில் ஸ்டூவர்ட் பள்ளி, வசதியானவர்கள் வாடகைக்கு வரும் அடுக்ககமாக மாறியது.

தலைமையின் நம்பகத்தன்மையைக் கடைசியாகக் குலைத்தது வேறொன்று. மூடல் வாக்கெடுப்புக்கு அடுத்த மாதமே, பள்ளித் தலைமையாசிரியர்களுக்குப் பயிற்சியளிக்க 2 கோடி டாலருக்கும் மேற்பட்ட ஒப்பந்தத்தை, போட்டி ஒப்பந்தப்புள்ளி கோராமல், வாரியம் ஒரு நிறுவனத்துக்கு வழங்கியது. மூடல்களை முன்னின்று நடத்திய தலைமை நிர்வாக அதிகாரி பார்பரா பேர்ட்-பென்னட், அப்பதவிக்கு வருமுன் அந்த நிறுவனத்தில் வேலை பார்த்தவர். அதில் கையூட்டுக்கு உடன்பட்ட வழக்கில் 2015இல் குற்றத்தை ஒப்புக்கொண்டார். 2017இல் அவருக்கு நாலரை ஆண்டுச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. காசு இல்லை என்று சொல்லித் தம் பள்ளியைப் பூட்டியவர்களைப் பற்றி இதைப் படித்த பெற்றோரிடம், அடுத்த முறை எந்தப் புள்ளிவிவரத்தை நீட்டினால் நம்புவார்கள்?

எதிர்ப்பு எதையும் சாதிக்கவில்லை என்றும் சொல்ல முடியாது. பிரான்ஸ்வில் பகுதியின் டயட் உயர்நிலைப் பள்ளியைப் படிப்படியாக மூட வாரியம் 2012இலேயே முடிவெடுத்திருந்தது. 2015 ஆகஸ்டில் பன்னிரண்டு பேர் அதற்காக உண்ணாவிரதம் தொடங்கி 34 நாள்கள் நீடித்தார்கள். பள்ளி மறு ஆண்டே கலைக்கு முதன்மை தரும், அப்பகுதிப் பிள்ளைகளுக்கான பள்ளியாகத் திறந்தது; அவர்கள் கேட்ட பாடத்திட்டம் அது அன்று என்றாலும், பூட்டு திறந்தது. 2021இல் மாநிலச் சட்டமன்றம் தேர்ந்தெடுக்கப்பட்ட வாரியத்துக்கு வழிசெய்தது. 2024 நவம்பரில் 21 இடங்களில் பத்துக்கு முதல் தேர்தல் நடந்தது. 2027 தொடக்கத்திலிருந்து எல்லா இடங்களும் தேர்ந்தெடுக்கப்பட்டவர்களுடையவை ஆகும்.

இவ்வளவையும் சொல்லிவிட்டு, கேள்வியின் இரண்டாம் பாதியை நான் தட்டிக்கழிக்கக் கூடாது. 2013இல் ஆசிரியர் சங்கத்தில் பணியாற்றி மூடல்களை எதிர்த்த பிராண்டன் ஜான்சன் 2023இல் மேயரானார். 2024இல் நகரத்தின் மாணவர் எண்ணிக்கை ஏறத்தாழ 3,25,000க்கு இறங்கியிருந்தது. சில உயர்நிலைப் பள்ளிகளில், நூற்றுக்கணக்கானோருக்குக் கட்டிய கட்டடத்தில் சில பத்துப் பிள்ளைகளே படிக்கிறார்கள். அத்தகைய பள்ளியில் இயற்பியலுக்கு ஆசிரியர் கிடைப்பதும் இசைக்குழு அமைவதும் அரிது. அந்தப் பிள்ளைகளுக்கும் அது அநீதியே. பணத்தட்டுப்பாட்டை எப்படிச் சமாளிப்பது என்ற சச்சரவில், ஜான்சன் நியமித்த வாரியம் முழுவதும் 2024 அக்டோபரில் பதவி விலகியது. 2027 வரை எந்தப் பள்ளியையும் மூடுவதில்லை என்று அதற்கு முந்தைய மாதம்தான் அதே வாரியம் தீர்மானம் போட்டிருந்தது. கெடு முடியும் வேளையில் நாற்காலியில் இருக்கப்போவது மக்கள் தேர்ந்தெடுத்த 21 பேர். சூத்திரத்தை அவர்கள் திருத்துவார்களா, திருத்திய பின்னும் சில பள்ளிகளை மூட வேண்டியிருந்தால் அதைத் தம் வாக்காளரின் முகத்தைப் பார்த்துச் சொல்வார்களா என்பதைப் பார்க்கத்தான் நான் காத்திருக்கிறேன்.