அரபு வினைச்சொற்கள்: வேர் எழுத்துகள் குறித்துச் சில கேள்விகள், பதில்கள்

கேள்வி: 'மக்தூப்' என்ற சொல்லை அகராதியில் 'மீம்' எழுத்தின் கீழ்த் தேடினேன், கிடைக்கவில்லை. ஏன்?

பதில்: அரபு அகராதிகள் பலவும் வேர் எழுத்துகளின் வரிசையில் அமைந்தவை. எனவே, 'எழுதப்பட்டது' என்று பொருள்படும் அச்சொல்லைக் காஃப், தா, பா ஆகிய மூன்று எழுத்துகளின் கீழ்த் தேட வேண்டும். கதப (எழுதினான்), காதிப் (எழுதுபவர்), கிதாப் (நூல்) ஆகியவையும் அங்கேயே இருக்கும். வேர் என்பது தனித்து ஒலிக்கும் சொல் அன்று. அதை எந்த அச்சில் வார்க்கிறோமோ அதற்கேற்பவே சொல் பிறக்கிறது. அந்த அச்சுகளை இலக்கணிகள், வேரின் முதல், இரண்டாம், மூன்றாம் எழுத்துகளுக்குப் பதிலாக ஃபா, அய்ன், லாம் என்னும் எழுத்துகளை நிறுத்திக் குறிப்பர். 'மக்தூப்' வார்க்கப்பட்டது 'மஃப்ஊல்' என்னும் அச்சில். தமிழில் நெடுநாளாகப் புழங்கும் மகசூலும் மாமூலும் அதே அச்சில் பிறந்த அரபுச் சொற்களே. 'அமலுக்கு வந்தது' என்கிறோமே, அந்த அமலுக்கும் மாமூலுக்கும் வேர் ஒன்றுதான் என்பது பலருக்கு வியப்பளிக்கும்.

கேள்வி: இடம், எண், பால் ஆகியவற்றுக்கேற்ப ஒரு வினை ஏற்கும் பதினான்கு வடிவங்களையும் மனப்பாடம் செய்தே ஆக வேண்டுமா?

பதில்: ஆம். இறந்தகாலம் நமக்கு எளிது. கதப்து (எழுதினேன்), கதப்னா (எழுதினோம்) எனத் தமிழைப் போலவே விகுதி இடத்தைக் காட்டிவிடும். நிகழ்வையும் எதிர்வையும் குறிக்கும் 'முளாரிஃ' வடிவத்தில் அக்துபு (எழுதுகிறேன்), நக்துபு (எழுதுகிறோம்) எனச் சொல்லின் முதலெழுத்தே மாறுவதால் அங்குதான் தடுமாற்றம். 'தக்துபு' என்பது 'அவள் எழுதுகிறாள்' என்றும், ஓர் ஆணை நோக்கி 'நீ எழுதுகிறாய்' என்றும் பொருள்படும். இடம் நோக்கியே தெளிய வேண்டும்.

கேள்வி: 'கால' (சொன்னான்) என்பதில் இரண்டு வேர் எழுத்துகளே தெரிகின்றன. இன்னொன்று எங்கே?

பதில்: நடுவிலுள்ள 'வாவ்' அலிஃபாகத் திரிந்துள்ளது, முளாரிஃ வடிவமான 'யகூலு' அதை வெளிப்படுத்திவிடும். 'பாஅ' (விற்றான்) 'யபீஉ' என்றாவதால் அங்கு நடுவெழுத்து 'யா'. ஆனால் 'ஃகாஃப' (அஞ்சினான்) முளாரிஃ வடிவத்திலும் 'யஃகாஃபு' என்றே நிற்கும். 'ஃகவ்ஃப்' (அச்சம்) என்ற வினைப்பெயரில்தான் வாவ் தென்படுகிறது. இதனால்தான் இறந்தகாலம், முளாரிஃ, வினைப்பெயர் மூன்றையும் ஒருசேரப் படிக்கும்படி என் மாணவர்களை வற்புறுத்துகிறேன்.

கேள்வி: தமிழ் எழுத்தில் எழுதிவைத்துப் படிக்கலாமா?

பதில்: கூடாது. இதயமும் நாயும் தமிழெழுத்தில் 'கல்ப்' என்றே அமையும். அரபியில் முதலெழுத்தே வேறு. இந்தப் பதில்களில் நான் தமிழெழுத்தைக் கையாண்டதும் வேறு வழியின்றியே.

கேள்வி: அலிம, அல்லம, தஅல்லம ஆகியவற்றிடையே என்ன தொடர்பு?

பதில்: முறையே அறிந்தான், கற்பித்தான், கற்றுக்கொண்டான். நடு வேரெழுத்து இரட்டித்தால் பெரும்பாலும் பிறரைச் செய்விக்கும் பொருள் வரும். தமிழில் 'திருந்தினான்', 'திருத்தினான்' ஆவதை ஒப்புநோக்கினால் மனத்தில் பதியும், ஆனால் இரு மொழிகளுக்கும் இனவுறவு ஏதும் இல்லை. எனினும் எல்லா வேர்களும் எல்லா அச்சுகளையும் ஏற்பதில்லையாதலால், புதிய வடிவத்தை நீங்களே வார்க்காமல் அகராதியில் உறுதிசெய்துகொள்ளுங்கள்.