காரணமாக – ஒரு கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

பணிச்சுமை காரணமாக நீண்ட நாட்களாக எழுத முடியவில்லை. சேலம் அம்மாப்பேட்டையில் போட்டித் தேர்வுக்குத் தயாராகும் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் கற்பிக்கிறேன். ஒன்றின் காரணத்தையோ பிறப்பிடத்தையோ சொல்லும் ஆங்கிலத் தொடர்களில்தான் எல்லாரும் தடுக்கி விழுகிறார்கள். ‘ட்யூ டு’ எங்கே வரும், ‘பிகாஸ் ஆஃப்’ எங்கே வரும்? இறப்பைச் சொல்லும் ‘டைட் ஆஃப்’, ‘டைட் ஃப்ரம்’ இரண்டும் ஒன்றா? ‘மேட் ஆஃப்’, ‘மேட் ஃப்ரம்’ வேறுபாட்டை எப்படிப் புரியவைப்பது? தமிழில் இந்தத் தொல்லையே இல்லை, ‘ஆல்’ ஒன்றைச் சேர்த்தால் போதும். தமிழ் வழியாக ஆங்கில இலக்கணம் சொல்லித் தருவதே தவறு என்கிறார் என்னுடன் பணிபுரியும் ஒருவர். நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

கடைசிக் கேள்வியை முதலில் தள்ளிவிடுகிறேன். தெரிந்த மொழி வழியாகப் போகாமல் தெரியாத மொழிக்கு வேறு எந்த வழியாகப் போவது? உங்கள் நண்பரை விட்டுவிடுங்கள்.

‘ட்யூ டு’வுக்கு வருகிறேன். பழைய விதிப்படி ‘ட்யூ’ ஒரு பெயரடை. ஏதாவது ஒரு பெயர்ச்சொல்லைப் பிடித்துக்கொண்டுதான் நிற்கும். ‘தி டிலே வாஸ் ட்யூ டு ரெயின்’ சரி, பிடித்துக்கொள்ளத் தாமதம் இருக்கிறது. ‘ஹி கேம் லேட் ட்யூ டு ரெயின்’ தவறு, அங்கே இருப்பது வந்தான் என்ற வினை. அதற்கு ‘பிகாஸ் ஆஃப்’. ஐயம் வந்தால் ‘ட்யூ டு’வை எடுத்துவிட்டு, ‘விளைந்தது’ என்று பொருள்படும் ‘காஸ்ட் பை’யை வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். பொருந்தினால் சரி. இந்த விதியை மீறுபவர்களை 1926இல் ஆங்கிலப் பயன்பாட்டு அகராதி எழுதிய ஃபௌலர் கல்லாதவர்கள் வரிசையில் உட்காரவைத்தார். 1957இல் கனடா நாடாளுமன்றத்தைத் திறந்துவைத்து எலிசபெத் ராணி வாசித்த உரையில் ஒரு வாக்கியம் ‘ட்யூ டு’ என்றே தொடங்கி அந்த விதியை மீறியது. அதன்பின் யார் கேட்பது? இன்று பெரும்பாலோர் இரண்டையும் ஒன்றாகவே புழங்குகிறார்கள். ஆனால் வினாத்தாள் தயாரிப்பவர் ராணியைவிடக் கண்டிப்பானவர். பிள்ளைகள் பழைய விதியையே படிக்கட்டும்.

இனி உங்களைத் திட்டவேண்டும்.

‘ஆல்’ ஒன்று போதுமாம்! சேலத்தில் இருந்துகொண்டா இதை எழுதினீர்கள்? செவ்வாய்ப்பேட்டையில் கொலுசு வாங்குகிறீர்கள். வெள்ளியால் செய்தது என்பீர்கள், வெள்ளியில் செய்தது என்பீர்கள். வெள்ளியிலிருந்து செய்தது என்று சொல்ல உங்கள் நாக்கு எழுமா? ஆத்தூர்ப் பக்கம் சேகோ ஆலைக்குப் போனால் ஜவ்வரிசியைக் குச்சிக்கிழங்கிலிருந்து எடுக்கிறார்கள் என்பீர்கள். கொலுசில் வெள்ளி வெள்ளியாகவே இருக்கிறது. ஜவ்வரிசியில் கிழங்கைத் தேடினால் கிடைக்காது. ‘மேட் ஆஃப்’, ‘மேட் ஃப்ரம்’ வேறுபாடு இவ்வளவுதான். பிள்ளைகளின் வாய்க்கு இது முன்பே தெரியும், நீங்கள்தான் அவர்களிடம் கேட்கவில்லை.

நன்னூல் ஐந்தாம் வேற்றுமைக்கு நான்கு பொருள் சொல்கிறது: நீங்கல், ஒப்பு, எல்லை, ஏது. ஏது என்றால் காரணம். நீங்கலுக்கு உரைகாரர்கள் காட்டுவது ‘மலையின் வீழருவி’. ஏதுவுக்குக் காட்டுவது ‘கல்வியிற் பெரியன் கம்பன்’. அருவி புறப்பட்ட மலைக்கும் கம்பனைப் பெரியவனாக்கிய கல்விக்கும் ஒரே உருபு. பிறப்பிடமும் காரணமும் ஒரு வீட்டுப் பிள்ளைகள் என்று நம் இலக்கணக்காரர்கள் வைத்திருந்தார்கள். ஆங்கிலத்தின் ‘ஃப்ரம்’ செய்யும் வேலையும் அதுதான். கிளியூர் அருவி மலையிலிருந்து விழுவதற்கும் ஒரு ‘ஃப்ரம்’. ‘ஆஸ் ஐ ஆம் சஃபரிங் ஃப்ரம் ஃபீவர்’ என்று நாம் அத்தனை பேரும் மனப்பாடம் செய்த விடுப்புக் கடிதத்திலும் அதே ‘ஃப்ரம்’. காய்ச்சல் அங்கே ஊற்று. ‘சஃபரிங் பை ஃபீவர்’ என்று எழுதும் பிள்ளை, நீங்கள் போதும் என்று சொன்ன அந்த ‘ஆல்’லை அப்படியே தூக்கிக்கொண்டு போனவன். அவனை அடிக்காதீர்கள்.

ஆனால் எனக்குக் கோபம் வந்தது உங்கள் முதல் வரியைப் படித்தபோது. பணிச்சுமை காரணமாக. இந்தச் சொல்லைப் பற்றித்தான் ஒரு மாதமாக மனத்துக்குள் சண்டையிட்டுக்கொண்டிருந்தேன், உங்கள் கடிதம் வந்து சேர்ந்தது. மழைக்காலம் வந்தால் ‘மண் சரிவு காரணமாக ஏற்காடு மலைப்பாதையில் போக்குவரத்து நிறுத்தம்’ என்று செய்தி வரும். மண் சரிந்து பாதை அடைபட்டது என்றால் என்ன குறைந்துவிடும்? மாரடைப்பு காரணமாக உயிரிழந்தார். கருத்து வேறுபாடு காரணமாகப் பிரிந்தனர். தொழில்நுட்பக் கோளாறு காரணமாக ரயில் நின்றது. தமிழ் காரணத்தைத் தனிப் பொட்டலமாகக் கட்டித் தராது. வினையெச்சமாக ஓடவிடும். வழுக்கி விழுந்து கால் ஒடிந்தது. பாம்பு கடித்துச் செத்தான். எது முன்னால் நடந்தது, எதிலிருந்து எது வந்தது என்று வாக்கியமே நடந்து காட்டும். ‘காரணமாக’ போட்டவுடன் நடை நின்றுவிடுகிறது. ஒரு பெயர்ச்சொல் மட்டும் மிஞ்சுகிறது, அதற்கு முன்னால் நடந்தது எதுவும் தெரிவதில்லை.

இதை எனக்குக் கற்றுத் தந்தது இலக்கண நூல் அல்ல.

என் அப்பா ஏற்காட்டில் ஒரு காப்பித் தோட்டத்தில் ரைட்டர். ரைட்டர் என்றால் எழுத்தாளர் என்று நினைத்துவிடாதீர்கள், கணக்கு எழுதுபவர். எழுபதுகளின் நடுவில், நான் ஆறாம் வகுப்பு. மழைக்கு முன்னால் நிழல் மரங்களின் கிளையைக் கழிப்பார்கள். சில்வர் ஓக் மரத்தில் ஏறிய ஓர் ஆள் கீழே விழுந்தார். லாரியில் படுக்கவைத்து இருபது கொண்டை ஊசி வளைவுகளையும் இறங்கி சேலத்து ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். மூன்றாவது வாரம் இறந்துபோனார். அவர் மனைவி எங்கள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து அப்பாவிடம் சொன்னது இன்றும் காதில் இருக்கிறது: “கிளை முறிந்து, விழுந்து, இடுப்பு ஒடிந்து, எழமுடியாமல் படுத்து, நெஞ்சில் சளி கட்டி, காய்ச்சல் கண்டு செத்துப்போனார், ஐயா.” ஒரே வாக்கியம். மரத்திலிருந்து சுடுகாடு வரை ஓர் இடத்திலும் அறுபடவில்லை.

தோட்டத்து மேலாளர் கேட்டது ஆங்கிலத்தில் ஒரு வரி. நம் ஊர்க்காரர்தான், ஆனால் எல்லாரும் துரை என்றே அழைத்தார்கள். அப்பா தட்டச்சு செய்த வரி: ‘டைட் ஆஃப் நிமோனியா’. இலக்கணப்படி அதில் பிழையே இல்லை. நோய், பசி, முதுமை என்றால் ‘ஆஃப்’. காயம், அடி என்றால் ‘ஃப்ரம்’ என்பார்கள். இப்போது இரண்டும் கலந்துவிட்டன. உங்கள் கேள்விக்குப் பதில் அதுதான், குறித்துக்கொள்ளுங்கள். ஆனால் அன்று ‘ஃப்ரம்’ போட்டிருந்தால் அந்த மனிதர் மறுபடி மரத்துக்குத் திரும்பவேண்டியிருந்திருக்கும். ‘ஆஃப்’ அவரை ஆஸ்பத்திரிக் கட்டிலிலேயே நிறுத்திவிட்டது. அந்த அம்மாள் சொன்ன சங்கிலியில் கடைசிக் கண்ணியை மட்டும் கழற்றி எடுத்துக்கொண்டார்கள்.

அன்று நடப்பிலிருந்த 1923ஆம் ஆண்டின் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம் கேட்டதும் ஒரு காரணத் தொடரைத்தான்: ‘அரைசிங் அவுட் ஆஃப் அண்ட் இன் தி கோர்ஸ் ஆஃப் ஹிஸ் எம்ப்ளாய்மென்ட்’. விபத்து வேலையின்போது நடந்திருக்கவேண்டும், அது மட்டும் போதாது, வேலையிலிருந்து எழுந்ததாகவும் இருக்கவேண்டும். மறுபடியும் மலையின் வீழருவி. அந்தத் தொடருக்குள் அவர் வருகிறாரா என்று யாரும் கேட்கவே இல்லை. காகிதத்தில் நிமோனியா மட்டும்தான் இருந்தது.

அப்பா அதை அந்த அம்மாளிடம் தமிழில் படித்துக் காட்டினார். “நிமோனியா காய்ச்சலால் இறந்தார் என்று எழுதியிருக்கிறது அம்மா.” அவர் தலையாட்டினார். “ஆமாம் ஐயா, அதில்தானே செத்தார்.” கைநாட்டு வைத்தார். மையைத் துடைக்க என் அம்மா துணி எடுத்துவந்து கொடுத்தது நினைவிருக்கிறது.

‘ட்யூ’ பிரெஞ்சு வழியாக லத்தீனத்திலிருந்து வந்த சொல். அங்கே அதற்குக் கடன்பட்டிருத்தல் என்று பொருள். இதே வேலையைச் செய்யும் ‘ஓயிங் டு’வில் ‘ஓயிங்’ வெளிப்படையாகவே கடன். காரணம் சொல்ல ஆங்கிலம் கடன்காரனைத்தான் கூப்பிட்டிருக்கிறது. இதை உங்கள் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள், சொல் மனத்தில் நிற்கும். அப்பாவின் பேரேட்டிலும் ‘ட்யூ’ என்று ஒரு பத்தி இருந்தது. அந்த மாதம் அதில் அந்த ஆளின் பெயருக்கு நேரே, தோட்டத்திடம் முன்பணமாக வாங்கித் திருப்பித் தராத பாக்கி எழுதப்பட்டிருந்தது.

அப்பாவைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை, குடியிருந்த வீடும் தோட்டத்துடையது. ஆனால் அதுவரை என் விடுப்புக் கடிதங்களை ஆங்கிலத்தில் அழகாக எழுதித் தந்துகொண்டிருந்தவர், அடுத்த முறை எனக்கு உடம்பு சுட்டபோது பேனாவை என் கையில் கொடுத்து, “நடந்ததைத் தமிழிலேயே எழுது” என்றார். ‘நேற்று மழையில் நனைந்து, காய்ச்சல் வந்து, இரவெல்லாம் தூங்காமல் இருந்தேன், அதனால் வரவில்லை’ என்று எழுதினேன். ஆசிரியர் படித்துப் பார்த்துத் திருப்பிக் கொடுத்தார். ‘உடல்நலக் குறைவு காரணமாக’ என்று எழுதிக்கொண்டு வரச் சொன்னார்.