பங்குனியிலும் பனியா? ஒஸ்லோவுக்குப் புதிதாக வந்த தங்கச்சிக்கு

தங்கச்சி, போன புரட்டாதியில் யாழ்ப்பாணத்திலிருந்து கணவரிடம் வந்து சேர்ந்தீர்கள், மூன்று வயது மகனும் கைக்குழந்தையும் இருக்கிறார்கள், ஒஸ்லோவின் கிழக்குப் பக்கம் தொடர்மாடியில் இருக்கிறீர்கள் என்று எழுதியிருந்தீர்கள். பங்குனி பிறந்தும் வெளியே பனிதான், இது எப்போதுதான் முடியும்? இந்த ஈரத்திலும் பாலர் பள்ளியில் பிள்ளையை வெளியே விடுகிறார்களே, அது சரியா? ஒருவரையும் தெரியாத ஊரில் சனி, ஞாயிறை எப்படிப் போக்குவது? இவ்வளவையும் கேட்டுவிட்டுக் கடைசியில், கறிவேப்பிலைக் கன்று இலை கொட்டுகிறது என்று ஒரு வரி. அந்த ஒரு வரிக்காகவே பதில் எழுதலாம்.

முதல் கேள்விக்கு உள்ளதைச் சொல்கிறேன். மாதங்களை எங்கள் ஊர் வழக்கப்படியே சொல்கிறேன்: பங்குனி என்றால் மார்ச், சித்திரை ஏப்ரல், வைகாசி மே, ஆனி ஜூன், புரட்டாதி செப்டம்பர், மார்கழி டிசம்பர். சூடு வர வைகாசி ஆகும். சித்திரையிலும் ஒரு நாள் பனி கொட்டத்தான் செய்யும். முதல் வெயிலைக் கண்டு மெல்லிய சப்பாத்துக்கு மாறியவர்கள் எல்லோரும் மறுநாள் பழையபடி பூட்ஸோடு பஸ்சுக்கு நிற்பார்கள். ஆனால் வெளிச்சம் அதுவரை காத்திருக்காது. மார்கழி 21 அளவில் இங்கே பகல் 6 மணித்தியாலம்கூட இல்லை. பங்குனி 20 அளவில் அது 12 ஆகிவிடும், ஆனி 21இல் கிட்டத்தட்ட 19. இப்போது ஒவ்வொரு நாளும் பகல் 5 நிமிடத்துக்கு மேல் நீளுகிறது. ஊரில் வருஷத்திலேயே நீண்ட பகலுக்கும் குறுகிய பகலுக்கும் உள்ள வித்தியாசம் ஒரு மணித்தியாலத்துக்குக் கொஞ்சம் கூட, அவ்வளவுதான். யார் அதைக் கவனித்தோம்? இங்கே இரண்டு கிழமையில் அவ்வளவும் மாறிவிடுகிறது. பங்குனி கடைசி ஞாயிறு மணிக்கூட்டையும் ஒரு மணித்தியாலம் முன்னுக்குத் தள்ளினால், இரவுச் சாப்பாட்டு நேரத்திலும் யன்னலுக்கு வெளியே வெளிச்சம் நிற்கும்.

ஆகவே கைபேசியில் எத்தனை பாகை குளிர் என்று பார்த்துவிட்டு வீட்டுக்குள் இருந்துவிடாதீர்கள். காற்றுப் படாத, தெற்குப் பார்த்த சுவர் ஒன்றைக் கண்டுபிடியுங்கள். நோர்வேக்காரர் மத்தியானத்தில் அப்படியான சுவரில் முதுகைச் சாய்த்து, கண்ணை மூடி, முகத்தை மேலே தூக்கிக்கொண்டு இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். வந்த புதிதில் இவர்களுக்கு என்ன பிடித்துவிட்டது என்றுதான் நினைக்கத் தோன்றும். நீங்களும் குழந்தையைத் தள்ளுவண்டியில் போட்டுக்கொண்டு போய் இருந்து பாருங்கள். காற்று மைனஸ் இரண்டில் இருந்தாலும் கொஞ்ச நேரத்தில் ஜாக்கெட்டின் சிப்பைத் திறப்பீர்கள். இந்த நாட்டில் வெயிலுக்கு இருக்கிற மரியாதை தனி. ரியூக்கான் என்று மலையிடுக்கில் ஒரு சின்ன நகரம். புரட்டாதி கடைசியிலிருந்து பங்குனி வரை அங்கே நேர்வெயில் விழாது. 2013இல் மலைச்சரிவில் மூன்று பெரிய கண்ணாடிகளை வைத்து, நகரச் சதுக்கத்துக்கு வெயிலைத் திருப்பி விட்டிருக்கிறார்கள். என் அண்ணன் எண்பதுகளில் பின்மார்க்கில் மீன் தொழிற்சாலையில் வேலை செய்தவர். வடக்கே அந்தக் கரையில் இரண்டு மாதம் சூரியனே எழும்பாது. ஒஸ்லோவில் இருந்துகொண்டு இருட்டு என்று யாராவது புலம்பினால் அவருக்குச் சிரிப்புத்தான் வரும்.

ஒன்றில் மட்டும் கவனம். பங்குனியில் பகலில் உருகுவது இரவில் திரும்பவும் உறையும். அதனால் காலை நடைபாதை மார்கழியைவிட மோசமாக வழுக்கும். சப்பாத்துக்குக் கீழே மாட்டுகிற ஆணிப்பட்டியைக் கடையில் புரொடர் என்று கேட்டால் தருவார்கள். குழந்தையோடு நடப்பவர் அது இல்லாமல் இறங்கக்கூடாது. நகரத்துக்குள் கட்டடச் சுவரில் தடி சாத்தியிருந்தாலோ சிவப்பு நாடா கட்டியிருந்தாலோ, கூரையிலிருந்து பனிப்பாளம் விழும் என்று அர்த்தம். வீதியின் மற்றப் பக்கம் போய்விடுங்கள்.

இனி மகனுடைய விஷயம். பாலர் பள்ளிக்காரர் செய்வது சரிதான், பயப்படாதீர்கள். மழை, சேறு, பனி எதுவானாலும் வெளியே விடுவார்கள். சின்னக் குழந்தைகளை வெளியே வண்டியில் நித்திரையாக்கவும் செய்வார்கள். கடும் குளிரென்றால் உள்ளே வைத்துக்கொள்வார்கள். அதன் அளவு இடத்துக்கு இடம் மாறும், கேட்டு வையுங்கள். ஊரிலிருந்து அம்மா வீடியோவில் பார்த்தால், பிள்ளைக்குச் சளி பிடிக்கப்போகிறது என்று கத்துவார். கத்தட்டும். பிழை குளிரில் இல்லை, உடுப்பில்தான். உடம்போடு ஒட்டிக் கம்பளி, பருத்தி வேண்டவே வேண்டாம். பருத்தி நனைந்தால் குளிரைப் பிடித்து வைத்திருக்கும். இந்தப் பருவத்தில் தடித்த பனி உடுப்பைவிட மழை உடுப்புத்தான் அதிகம் தேவைப்படும். அதுக்குள்ளே ஒரு கம்பளி மேற்சட்டை, றப்பர் பூட்ஸ், கம்பளிக் காலுறை. பூட்ஸ் ஒரு அளவு பெரிதாக இருக்கட்டும், விரலுக்குக் காற்று வேண்டும். கையுறை இரண்டு சோடி மேலதிகமாகக் கொடுத்து விடுங்கள், எல்லாவற்றிலும் பெயர் எழுதுங்கள். பின்னேரம் கூட்டப் போகும்போது உலர்த்தும் அலுமாரிக்குள் ஒருமுறை எட்டிப் பாருங்கள். உங்கள் பிள்ளையின் ஒற்றைக் கையுறை அங்கேதான் கிடக்கும்.

அங்கேயும் இல்லையென்றால் வேலியைப் பாருங்கள். பனி உருக உருக, மார்கழியிலிருந்து புதைந்து கிடந்த கையுறையும் தொப்பியும் வெளியே வரும். கண்டெடுத்தவர் அதைப் பக்கத்து வேலிக்கம்பிலோ மரக்கிளையிலோ செருகிவிட்டுப் போவார். எங்கள் தொடர்மாடிக்குப் போகும் பாதையில் ஒவ்வொரு வேலிக்கம்பும் கைகாட்டிக்கொண்டு நிற்கும். என் இளையவள் சின்னவளாக இருக்கையில் அவை எல்லாவற்றுக்கும் கை கொடுத்துவிட்டுத்தான் வீட்டுக்கு வருவாள். அப்போதெல்லாம் ஐந்து நிமிட நடைக்கு அரை மணித்தியாலம் எடுக்கும். வாகனத் தரிப்பிடத்தில் வழித்துக் குவித்த பனிமலை ஒன்றும் இருக்குமே, கறுத்து, குருணிக்கல் ஒட்டி, பார்க்கவே அருவருப்பாக. அது எந்த நாளில் முற்றாக மறையும் என்று வீட்டில் பந்தயம் வையுங்கள். எங்கள் வீட்டில் பந்தயப்பொருள் ஐஸ்கிரீம், வெல்வது எப்போதும் கடைசித் திகதி சொன்னவர்தான்.

குருணிக்கல் என்றதும் ஞாபகம் வருகிறது. வழுக்காமல் இருக்க மாரி முழுக்க வீதியில் போட்ட அந்தக் கல்லைச் சித்திரையில் வண்டி வந்து கூட்டி அள்ளும். அதுவரை தூசிதான், யன்னலைத் துடைத்து நேரத்தை வீணாக்காதீர்கள். அந்தக் கல்லுக்குள்ளிருந்தே வீதியோரம் மஞ்சளாகச் சின்னப் பூ ஒன்று தலை நீட்டும், ஹெஸ்தஹோவ் என்பார்கள். இலை வருவதற்கு முன்பே பூ வந்துவிடும். மகன் ஒரு நாள் அதைக் கைக்குள் கசக்கிக்கொண்டு வந்து நீட்டுவான். சின்னக் கிளாசில் தண்ணீர் விட்டு வையுங்கள்.

சனி, ஞாயிறுக்கு வருவோம். எங்கள் ஆட்களோடு பழகத் தொடங்கினால் உங்கள் சனிக்கிழமைகள் தானாக நிரம்பிவிடும். காலையில் தமிழ்ப் பள்ளி, பின்னேரம் யாருடையாவது பிறந்தநாள், சாமத்தியவீடு. வேண்டாம் என்று சொல்லவில்லை, அந்தச் சனம்தான் எங்களுக்குத் துணை. ஆனால் மாரி முழுக்க வெயிலுக்கு ஏங்கிவிட்டு, வெயில் எறிக்கிற முதல் சனிக்கிழமையை யன்னல் இல்லாத மண்டபத்தில் கொத்துரொட்டியோடு கழிப்பதில் எனக்கு உடன்பாடில்லை. சில அழைப்புகளுக்குப் பின்னேரம் பிந்திப் போகலாம், ஒருவரும் கோபிக்க மாட்டார்கள். 5ஆம் இலக்கச் சுரங்க ரயிலில் ஏறிக் கடைசித் தரிப்பான சொங்ஸ்வானில் இறங்குங்கள். ஏரியைச் சுற்றித் தள்ளுவண்டி போகக்கூடிய பாதை, மூன்று கிலோமீற்றருக்குக் கொஞ்சம் கூட. போத்தலில் தேத்தண்ணி, கடிக்க ஏதாவது, இருக்க ஒரு பாய்த்துண்டு போதும். பங்குனியில் ஏரி உறைந்திருப்பது போலத் தெரிந்தாலும் பனிக்கட்டி மேலே பிள்ளையை விடாதீர்கள். சறுக்குமட்டை, பனிச்சறுக்குப் பலகை எல்லாம் காசு கொடுத்து வாங்க வேண்டியதில்லை. புவா என்ற பெயரில் இரவல் நிலையங்கள் இருக்கின்றன, அங்கே இலவசமாகத் தருவார்கள்.

சித்திரை தொடங்கினால் பள்ளிக்கூட வாத்தியக் குழுக்கள் வீதியில் இறங்கிவிடும். கொர்ப்ஸ் என்பார்கள். நோர்வேயின் தேசிய நாளான வைகாசி 17 ஊர்வலத்துக்கு அணிவகுத்து நடந்து பழகுகிற பிள்ளைகள். ட்ரம்பெட்டைவிடச் சின்னதாக இருக்கிற பிள்ளையும் அதில் இருக்கும், சுருதி ஊர்வல நாளன்றும் சேராது. யன்னலில் நின்று பார்த்தால் போதாது, குழந்தையைத் தூக்கிக்கொண்டு கீழே போங்கள். இந்தக் குழுக்கள்தான் காசு சேர்க்கப் பள்ளிக்கூட மண்டபங்களில் பழைய சாமான் சந்தை போடும், அதுக்குப் பெயர் லொப்பெமார்க்கெட். மழை உடுப்பு, பூட்ஸ், பொம்மை, புத்தகம், கதிரை, எல்லாம் கிடைக்கும். காலையில் போனால் நல்ல சாமான், கடைசி மணித்தியாலத்தில் போனால் நல்ல விலை. சில இடங்களில் பையை நிரப்பினால் ஒரே விலைதான். எல்லோரும் கைபேசியில் விப்ஸால் காசு அனுப்புவார்கள். உங்களுக்கு அது இன்னும் வரவில்லையென்றால் காசாகக் கொண்டு போங்கள். வெட்கப்பட ஒன்றுமில்லை, வைத்தியரும் அங்கேதான் வாங்குகிறார்.

ஈஸ்டர் கிழமை ஊரே மலைக் குடிசைகளுக்குப் போய்விடும். வியாழன், வெள்ளி, ஞாயிறு, திங்கள் கடைகள் பூட்டு. பால், அரிசி, டயப்பர் எல்லாம் முன்கூட்டியே வாங்கி வையுங்கள். வெறிச்சோடின நகரத்தைச் சுற்றிப் பார்ப்பதும் ஒரு சுகம்தான். இவர்களுக்கு அந்தக் கிழமை தோடம்பழம், குவிக் லுன்ஷ் சொக்கலேற், துப்பறியும் கதை மூன்றும் வேண்டும். 1923இல் ஒரு துப்பறியும் நாவலின் விளம்பரம் செய்தித்தாளின் முதற்பக்கத்தில், பேர்கன் ரயிலில் கொள்ளை என்று உண்மைச் செய்தி போல வந்ததாம். அதிலிருந்து தொடங்கிய பழக்கம். அந்தக் கிழமை பால் பெட்டியிலும் படக்கதையாக ஒரு துப்பறியும் கதை அச்சிட்டிருப்பார்கள். மொழி படிக்கிற உங்களுக்கு அது நல்ல பாடம். எங்கள் வீட்டில் காலைச் சாப்பாட்டு மேசையில் கொலையாளியைப் பற்றிச் சண்டை நடக்கும்.

சித்திரை கடைசியில் அல்லது வைகாசி தொடக்கத்தில் படிக்கட்டடியில் ஒரு கடதாசி ஒட்டுவார்கள், துக்நாட் இத்தனையாம் திகதி என்று. தொடர்மாடிக்காரர் எல்லோரும் சேர்ந்து இலை வாரி, கல் கூட்டி, பூக்கன்று நடுகிற சிரமதானம். அவரை மட்டும் அனுப்பிவிட்டு நீங்கள் வீட்டில் இருக்காதீர்கள். மாரி முழுக்க மின்தூக்கிக்குள் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்ற மனிதர், கையில் வாரியைக் கொடுத்தால் தன் பேரப்பிள்ளைகள் வரை சொல்லுவார். கடைசியில் சொசேஜும் வாபிளும் இருக்கும். நீங்கள் மீன் றோல்ஸ் கொஞ்சம் பொரித்துக் கொண்டு போங்கள். அடுத்த வருஷம் திகதி ஒட்ட முன்பே றோல்ஸ் வருமா என்று கேட்பார்கள்.

கறிவேப்பிலை. மாரியில் இலை கொட்டுவது வழமை. வெளிச்சம் போதாது, ஹீற்றர் சூட்டில் காற்றும் காய்ந்துவிடும். செத்துவிட்டது என்று எறியவேண்டாம். தடியை நகத்தால் மெல்லச் சுரண்டிப் பாருங்கள், உள்ளே பச்சையாக இருந்தால் உயிர் இருக்கிறது. ஹீற்றருக்கு மேலே இருந்து எடுத்துத் தெற்கு யன்னலில் வையுங்கள். மண் காய்ந்த பிறகு மட்டும் தண்ணீர், புதுத் துளிர் வரும்வரை பசளை வேண்டாம். சித்திரை வெயிலைக் கண்டு பல்கனிக்குக் கொண்டு போனீர்களோ, ஒரே இரவில் முடிந்துவிடும். வைகாசி கடைசியில், இரவிலும் 10 பாகைக்குக் குறையாமல் இருக்கும்போது வெளியே வைக்கலாம். முதல் சில நாட்கள் நிழலில்.

பிறகு வைகாசி 17. 1814இல் நோர்வேயின் அரசியலமைப்பில் கையெழுத்து வைத்த நாள். இராணுவ அணிவகுப்பு இல்லை, பிள்ளைகளின் ஊர்வலம்தான். கார்ல் யொஹான் வீதியால் போய் அரண்மனை முன்னால் கொடியாட்ட, மாடத்தில் நின்று அரச குடும்பம் கையசைக்கும். முதல் வருஷம் சின்னக் குழந்தையோடு அந்தச் சனத்துக்குள் போகாமல் உங்கள் பகுதிப் பள்ளிக்கூட ஊர்வலத்துக்கே போங்கள். அன்றைக்குப் பிள்ளை எத்தனை ஐஸ்கிரீம் கேட்டாலும் கொடுப்பதுதான் வழக்கம். சிவப்பு முழுக்காற்சட்டையோடு திரிகிற உயர்பள்ளிப் பிள்ளைகளிடம் படம் போட்ட சின்ன அட்டை இருக்கும், மகன் கேட்டால் கொடுப்பார்கள். நோர்வேக்காரர் பலர் தங்கள் ஊர் உடுப்பில் வருவார்கள், நீங்கள் தாராளமாகச் சேலை கட்டலாம், பலர் கட்டுகிறார்கள். ஆனால் அன்றைக்கும் குளிரலாம். பாவாடைக்குக் கீழே கம்பளிக் காற்சட்டை போட்டுக்கொள்ளுங்கள், வெளியே தெரியாது.