மார்க்கர் இறங்கினால் நோய் போயிற்றா? – ஆய்வுக்கூடக் கேள்வி பதில்

(பதில் சொல்பவர்: ஓய்வுபெற்ற உயிர்வேதியியல் பேராசிரியை. மார்க்கர் என்பது நோய்க்கு அடையாளமாகச் சோதனையில் அளக்கும் பொருள்.)

ஆய்வு மாணவி, சேலம்: மேடம், எங்கள் மலைப்பக்கத்துச் செடி ஒன்றின் மெத்தனால் சாறு, எம்.சி.எஃப்-7 மார்பகப் புற்றுச் செல்களில் எம்.டி.டி. சோதனையில் (உயிருள்ள செல் சாயத்தை ஊதாவாக்குவதை அளப்பது) ஐசி50, அதாவது செல்களைப் பாதியாகக் குறைக்கும் அளவு, 180 மைக்ரோகிராம் காட்டுகிறது. "புற்றுநோய்க்கு எதிரானது" என்று தலைப்பு வைக்கலாமா?

வேண்டாம். ஒரு மில்லிக்கு 180 மைக்ரோகிராம் போட்டால் சமையலறையில் இருக்கும் பாதிப் பொருள்கள் செல்லைக் கொல்லும். கச்சாச் சாறு 30க்குக் கீழே வந்தால்தான் மேற்கொண்டு பிரித்துப் பார்ப்பது வழக்கம். அதற்கும் முன்னால் ஒரு சோதனை செய்யுங்கள். செல்லே இல்லாத குழியில் சாற்றையும் எம்.டி.டி.யையும் மட்டும் ஊற்றுங்கள். ஊதா நிறம் வந்தால் உங்கள் சாறு தானே சாயத்தை ஊதாவாக்குகிறது என்று அர்த்தம். பாலிஃபீனால் நிறைந்த சாறுகளில் இது அடிக்கடி நடக்கும், செத்த செல் உயிரோடு இருப்பதாகத் தெரியும். சாற்றைக் கரைக்கும் டி.எம்.எஸ்.ஓ. திரவம் மட்டும் ஊற்றிய குழி இருக்கிறதா? ஒரு சாதாரணச் செல் வரிசையிலும் பார்த்தீர்களா? செல்களில் மைக்கோபிளாஸ்மா என்ற பாக்டீரியாத் தொற்று இல்லை என்று உறுதியா?

எல்லோருக்குமாகச் சொல்கிறேன்: செடியை அழுத்திக் காயவைத்து, ஒரு ஹெர்பேரியத்தில் (உலர்தாவரக் காப்பகத்தில்) சேர்த்து, வவுச்சர் எண் (மாதிரியின் பதிவு எண்) வாங்காமல் சாறு எடுக்காதீர்கள். திருச்சி செயின்ட் ஜோசப் கல்லூரியில் ராபினட் ஹெர்பேரியம் இருக்கிறது, கோவையில் தாவரவியல் ஆய்வகத்தின் தென்மண்டல மையம் இருக்கிறது. நாட்டு மருந்துக் கடைப் பொட்டலத்துக்கு அறிவியல் பெயர் கிடையாது.

பி.ஃபார்ம். மாணவர், மதுரை: எலிக்கு கிலோவுக்கு 400 மில்லிகிராம் கொடுத்ததில் சர்க்கரை இறங்கியது. மனிதருக்கு எவ்வளவு?

எலியின் அளவை 6.2ஆல் வகுப்பார்கள். கிலோவுக்கு 64.5 மில்லிகிராம் வரும். அறுபது கிலோ ஆளுக்கு ஏறக்குறைய 3.9 கிராம் சாறு. இலையிலிருந்து நூற்றுக்கு எட்டுப் பங்கு சாறுதான் கிடைக்கிறது என்றால் தினம் 48 கிராம் காய்ந்த இலை. யார் தின்பார்கள்? ஆய்வேட்டில் இந்தக் கணக்கையும் எழுதுங்கள்.

இல்லத்தரசி, ஆவடி: எங்கள் பிள்ளைக்கு டெங்குவில் பிளேட்லெட் 40 ஆயிரத்துக்கு இறங்கியபோது பப்பாளி இலைச் சாறு கொடுத்தோம். மூன்றே நாளில் ஏறிவிட்டது. இது நிரூபணம்தானே?

பிள்ளை தேறியது நல்ல செய்தி. ஆனால் டெங்குவில் பிளேட்லெட் ஒரு வாரத்தில் தானாகவே ஏறத் தொடங்கும். சாறு கொடுக்காத பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கும் ஏறியிருக்கும். காய்ச்சல் விடும் நேரத்தில் ரத்த நாளத்திலிருந்து நீர் கசிவதுதான் ஆபத்து. அதைக் காட்டுவது ஹீமட்டோக்ரிட், அதாவது ரத்தத்தில் சிவப்பணுக்களின் பங்கு. வயிற்றுவலி, விடாத வாந்தி, சோர்வு இருந்தால் இலை பறிக்கப் போகாதீர்கள், ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

ஆய்வு மாணவர், தர்மபுரி: எம்.டி.டி.யில் எனக்கு ஐசி50 210...

முதல் பதில்.

வங்கி ஊழியர், கோவை: மாஸ்டர் செக்கப்பில் சி.ஏ.-125, சி.இ.ஏ. என்ற புற்றுநோய் மார்க்கர்கள் எல்லாம் சேர்த்துத் தருகிறார்கள். எடுக்கலாமா?

அறிகுறி இல்லாதவருக்கு வேண்டாம். மாதவிலக்கிலும், கருப்பையின் உட்சவ்வு வெளியே வளரும் எண்டோமெட்ரியோசிஸிலும்கூட சி.ஏ.-125 ஏறும். ஒரு கணக்கு: ஆயிரத்தில் ஒருவருக்கு இருக்கும் நோய். சோதனை, நோய் இல்லாதவரில் நூற்றுக்கு 95 பேரைச் சரியாக "இல்லை" என்கிறது. மீதி ஐந்து சதவீதம் என்பது ஐம்பது பேர். ஒரு நோயாளிக்காக ஐம்பது பேர் தூக்கம் கெட்டு ஸ்கேன் வாசலில் நிற்பார்கள்.

சித்த மருத்துவர், தஞ்சாவூர்: அம்மா, எங்கள் வீட்டில் மூன்று தலைமுறையாக மஞ்சள் காமாலைக்குக் கீழாநெல்லியை மோரில் அரைத்துக் கொடுக்கிறோம். குணமாகாதவர் அரிது. உங்கள் சோதனைக் குழாய்க்கு மட்டும் அது புரியவில்லையா?

ஐயா, உங்கள் வீட்டு வாசலுக்கு வந்தவர்களில் பெரும்பாலோருக்கு இருந்தது எந்தக் காமாலை? நம் ஊரில் தண்ணீரால் வருவது ஹெபடைட்டிஸ் ஏ, ஈ. பெரும்பாலானவர்களுக்குச் சில வாரங்களில் மஞ்சள் நிறம் தரும் பிலிருபின் தானே இறங்கும். மோர் மட்டும் கொடுத்தாலும் இறங்கும். (ஈ வகை கர்ப்பிணிகளுக்கு உயிராபத்து, அங்கே காத்திருக்கவே கூடாது.) ஹெபடைட்டிஸ் பி கதை வேறு. நாள்பட்டுச் சுமப்பவர்கள் பலருக்குக் கண்ணில் மஞ்சளே தெரியாது. ரத்தத்தில் மேற்பரப்பு ஆன்டிஜென் (வைரஸின் மேலுறைப் புரதம்) மட்டும் இருந்துகொண்டே இருக்கும்.

சித்த மருத்துவர், தஞ்சாவூர்: அந்த ஆன்டிஜெனே மறைந்ததாகச் சென்னையிலேயே நிரூபித்தார்களே!

ஆமாம், அது நல்ல ஆய்வு, மரியாதையோடு பேச வேண்டியது. தியாகராஜன் குழு 1988இல் லான்செட் மருத்துவ இதழில் வெளியிட்டது. 200 மில்லிகிராம் பொடி, தினம் மூன்று வேளை, முப்பது நாள். கீழாநெல்லி எடுத்த 37 பேரில் 22 பேருக்கு ஆன்டிஜென் காணாமல் போனது. வெற்றுப் பொடி எடுத்த 23 பேரில் ஒருவருக்குத்தான். 59க்கு 4 சதவீதம். சாதாரணமாக அது தானாக மறைவது ஆண்டுக்கு நூற்றில் ஒருவர் அளவுக்குத்தான். உலகமே திரும்பிப் பார்த்ததில் வியப்பில்லை.

அப்புறம் மற்றவர்கள் செய்தார்கள், தாய்லாந்திலும் செய்தார்கள். அந்த அளவு பலன் வரவில்லை. 2011இல், பல ஆய்வுகளைச் சேர்த்து எடைபோடும் காக்ரேன் தொகுப்பு, வெற்று மருந்தோடு ஒப்பிட்டால் நம்பத்தக்க ஆதாரம் இல்லை என்றது.

ஐ.டி. ஊழியர், பெங்களூரு: அமெரிக்கக் கம்பெனிகள் அமுக்கிவிட்டன என்பதுதானே உண்மை?

தம்பி, அந்தக் கட்டுரையின் ஆசிரியர்களில் ஒருவர் பரூக் பிளம்பர்க். அந்த ஆன்டிஜெனைக் கண்டுபிடித்தவர், 1976இல் நோபல் வாங்கியவர், அமெரிக்கர். இந்தச் செடிக்காக அவர்கள் காப்புரிமையே எடுத்திருந்தார்கள். ஜெயிக்க வேண்டும் என்று அவரைவிட யாருக்கு ஆசை இருந்திருக்கும்?

சித்த மருத்துவர், தஞ்சாவூர்: செடி வேறாக இருந்திருக்கலாம் அல்லவா? கடையில் கீழாநெல்லி என்று மேலாநெல்லியையும் கட்டி விற்கிறான்.

இதை ஒத்துக்கொள்கிறேன். கீழாநெல்லியின் அறிவியல் பெயரான பில்லாந்தஸ் அமாரஸ் என்ற பெயரில் மற்ற பில்லாந்தஸ் இனங்களும் தென்னிந்தியச் சந்தையில் கலந்து வருவதை டி.என்.ஏ. சோதனையில் காட்டியிருக்கிறார்கள். முதலில் வவுச்சர் என்று நான் தொண்டைத்தண்ணீர் வற்றக் கத்துவது இதற்காகத்தான். ஆனால் "செடி வேறு" என்பதை ஊகமாக விடாமல் நீங்கள் சோதிக்கலாம். வருகிறவருக்கு முதல் நாளே ஹெபடைட்டிஸ் பி மேற்பரப்பு ஆன்டிஜெனும், புதுத் தொற்றைக் காட்டும் ஹெபடைட்டிஸ் ஏ, ஈ ஐ.ஜி.எம். ஆன்டிபாடிகளும் எடுங்கள். பி உள்ளவருக்கு வைரஸ் எண்ணிக்கையும் பாருங்கள். ஆன்டிஜென் மறைந்தால் ஆறு மாதம் கழித்து மறுபடி பாருங்கள். மறைந்தாலும் வைரஸின் மரபுப்பொருள் கல்லீரல் செல்லின் உட்கருவில் ஒளிந்திருக்கும்.

ஒன்று மட்டும்: ஹெபடைட்டிஸ் பி மாத்திரையான டெனோஃபோவிர் சாப்பிடுபவரிடம் "மாத்திரையை நிறுத்திவிட்டுக் கீழாநெல்லி எடு" என்று யாரும் சொல்லக் கூடாது. நிறுத்தினால் வைரஸ் திடீரென்று எகிறி, கல்லீரலே செயலிழக்கலாம்.

பள்ளி ஆசிரியர், நாகர்கோவில்: அப்படியானால் மூலிகையிலிருந்து மருந்தே வராதா?

வராமலா? நித்தியகல்யாணி. சர்க்கரைக்கு அதன் தேநீரைக் குடிக்கிறார்கள் என்று ஜமைக்காவிலிருந்து கனடாவின் ராபர்ட் நோபிளுக்கு 1952இல் 25 இலைகள் வந்தன. எலிக்கு வாய்வழி கொடுத்தார்கள், சர்க்கரை அசையவில்லை. ஊசியில் ஏற்றினார்கள், எலிகள் தொற்றில் செத்தன. ஏன் என்று பார்த்தால் வெள்ளையணுக்கள் விழுந்திருந்தன. அங்கிருந்துதான் வின்பிளாஸ்டின் என்ற புற்றுநோய் மருந்து 1958இல் வந்தது. அதே செடியின் வின்கிரிஸ்டின் இன்று குழந்தைகளின் ரத்தப்புற்றுக்கு முக்கிய மருந்து. தேடிய மார்க்கர் ஒன்று, கிடைத்தது இன்னொன்று. இதைப் படித்துவிட்டு யாரும் இலையைக் கொதிக்கவைத்துக் குடிக்காதீர்கள், அது நஞ்சு. ஆடுதீண்டாப்பாளையும் அப்படியே: அதன் அரிஸ்டோலோகிக் அமிலம் சிறுநீரகத்தைக் கெடுத்துப் புற்றும் தரும்.

ஆய்வு மாணவி, வேலூர்: மேடம், ஆன்டிஆக்ஸிடன்ட் திறனை அளக்கும் டி.பி.பி.எச். சோதனையில் 85 சதவீதம் வந்தது, இது புற்றுநோயைத் தடுக்குமா?

தடுக்காது. காபியும் 85 காட்டும்.

வாசகர், ஈரோடு: என் அப்பாவின் எஸ்.ஜி.பி.டி. (கல்லீரல் நொதி) 412. என்ன மூலிகை?

எதுவும் வேண்டாம். சாப்பிடும் மருந்து, சூரணம் எல்லாவற்றையும் பையில் போட்டுக்கொண்டு நாளைக் காலை மருத்துவரிடம் காட்டுங்கள். சீந்தில் மாத்திரை இருந்தால் முதலில் அதைச் சொல்லுங்கள், அதனால் கல்லீரல் பாதித்தவர்கள் மும்பையில் பதிவாகியிருக்கிறார்கள்.

கல்லூரி மாணவி, திருநெல்வேலி: முடி கொட்டுவதற்கு பயோட்டின் 10 மில்லிகிராம் எடுக்கிறேன். தைராய்டு சோதனையில் டி.எஸ்.எச். (தைராய்டைத் தூண்டும் ஹார்மோன்) மிகக் குறைவாகவும் டி4 (தைராய்டு ஹார்மோன்) கூடுதலாகவும் வந்தது. உடம்பில் ஒரு தொந்தரவும் இல்லை. தைராய்டு ஓவரா?

இன்று வந்ததிலேயே நல்ல கேள்வி. பல கருவிகள் பயோட்டினையும் அதை இறுகப் பிடிக்கும் ஸ்ட்ரெப்டாவிடின் என்ற புரதத்தையும் கொக்கியாகப் பயன்படுத்தித்தான் ஹார்மோனைப் பிடிக்கின்றன. ரத்தத்தில் உங்கள் மாத்திரை மிதந்தால் அந்தக் கொக்கியை அதுவே அடைத்துக்கொள்ளும். டி.எஸ்.எச். பொய்யாக இறங்கும், டி4 பொய்யாக ஏறும். மாரடைப்புக்குப் பார்க்கும் ட்ரோபோனின்கூட இப்படிப் பொய்யாகக் குறையலாம் என்று அமெரிக்க மருந்து நிர்வாகம் 2017இல் எச்சரித்தது. மாத்திரையை இரண்டு மூன்று நாள் நிறுத்திவிட்டு மறுபடி எடுங்கள். ரத்தம் கொடுக்கும்போது லேபில் மாத்திரையின் பெயரையும் எழுதச் சொல்லுங்கள். புது ரிப்போர்ட்டும் அப்படியே வந்தால் எண்டோகிரைன் மருத்துவரிடம் போங்கள்.