மறைத்துப் பாருங்கள் அந்த முதல் அடியை

வணக்கம் சார்,
ஷேக்ஸ்பியரின் 99-ஆவது சானட்டை (சானட் என்றால் வழக்கமாக 14 அடிக் கவிதை), அதாவது தோட்டத்துப் பூக்களையெல்லாம் காதலரிடம் திருடியவையாகச் சொல்லும் கவிதையை, பாடத்துக்காக அலகிட்டுக்கொண்டிருக்கிறேன். அழுத்தமில்லாத அசையும் அழுத்தமான அசையும் இணைந்த சீர் அடிக்கு ஐந்து வரும் அயாம்பிக் பென்டாமீட்டருக்கு நம் நேர், நிரை அசைகள் பொருந்துமா? பிறகு, இதில் 15 அடி இருக்கிறதே, அச்சுப்பிழை என்று ஓர் அடியை விட்டுவிடலாமா?
கே.

அன்புள்ள கே.,

பொருந்தாது. நம்முடையது குறில், நெடில், ஒற்று பார்க்கும் கணக்கு. அவர்களுடையது அழுத்தக் கணக்கு. புழு ரோஜாவைத் தின்னும் 13-ஆவது அடியைச் சத்தமாகப் படியுங்கள். வெஞ், கேங், ஈட், அப், டெத் என்று ஐந்து இடத்தில் குரல் தானாக ஊன்றும். அவ்வளவுதான்.

ஆனால் ஓர் அடியை விட்டுவிடலாமா என்று கேட்க உங்களுக்கு எப்படி மனம் வந்தது? சில வாரங்களாக நான் அந்த அடியோடுதான் இருக்கிறேன். கல்லூரியில் எங்களுக்கு ஓர் ஆசிரியர் இருந்தார். எந்த அடி எதோடு இயைகிறது என்பதைப் பலகையில் ஏபிஏபி என்று எழுத்துகளால் எழுதிப்போட்டுவிட்டு, கவிதையை ஒருமுறைகூட வாய்விட்டுப் படிக்காமல் அடுத்த பாடத்துக்குப் போய்விடுவார். அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை. நீங்களும் அந்த வழியில் போகாதீர்கள்.

முதல் அடியைக் கையால் மறையுங்கள். மிச்சம் 14 அடி. ஸ்மெல்ஸ், பிரைட், ட்வெல்ஸ், டைட் என்று இயைபும் ஒழுங்காக நிற்கிறது. சரி, அப்படியானால் அந்த அடி எதற்கு? மறைத்தபடியே மேலே படியுங்கள். 'இனிய திருடனே' என்று வயலட் பூவைப் பார்த்துப் பேச்சு தொடங்குகிறது. காதலர் அங்கே படர்க்கை. அடுத்து, 'உன் கைக்காக லில்லியைக் கண்டித்தேன்' என்று வருகிறது. யாருடைய கை? வயலட்டின் கையா? இப்போது கையை எடுங்கள். 'முந்திக்கொண்டு பூத்த வயலட்டை இப்படித் திட்டினேன்.' ஆக, அந்தத் திட்டு முழுவதும் மேற்கோள். தோட்டத்தில் நடந்ததைக் கவிஞர் காதலரிடம் வந்து சொல்லிக்கொண்டிருக்கிறார். அந்த ஓர் அடி இல்லையென்றால் கேட்பவர் யாரென்றே தெரியாது.

சானட்டுகள் வெளிவந்த 1609 பதிப்பிலேயே 15 அடிதான். கவிஞர் திருத்தாமல் விட்ட வரைவு என்பாரும் உண்டு, இருக்கட்டும். அந்த அடியின் கடைசிச் சொல்லான சைட் (chide, திட்டு), பிரைடோடும் டைடோடும் இயைகிறதே, அச்சுக்கோத்தவரா அதைச் சேர்த்தார்? 126-ஆவது சானட்டில் 12 அடிதான், 145-ஆவதில் அடிக்கு நான்கே சீர். அவற்றையும் பிழை என்பீர்களா?

தேர்வில் ஏபிஏபிஏ என்றே எழுதுங்கள். மதிப்பெண் குறைத்தால், இந்தக் காரணத்தைச் சொல்லிக் கேளுங்கள். உங்களால் முடியும், 15 அடி என்று எண்ணிப் பார்த்தவர் நீங்கள்தானே.