விமானம் எத்தனை மணி நேரம்? மலையிலிருந்து சில கேள்விகள்

டிக்கெட் போடும் தொழிலில் இருந்தவன் என்பதால் நீலகிரியில் பலரும் என்னிடம் கேட்பது இவை.

குன்னூர் அக்கா ஒருவர்: மகள் சான் ஃபிரான்சிஸ்கோவில் இருக்கிறாள். பெங்களூரிலிருந்து வட துருவத்தைத் தாண்டிப் போகலாம் என்கிறாரே மாப்பிள்ளை?

விளையாட்டாகச் சொல்லவில்லை அக்கா. சந்தையில் வாங்கிய முட்டைக்கோஸை எடுத்து, அதுதான் உலகம் என்று வைத்து, நாமும் அவளும் இருக்கும் இடங்களைப் பேனாவால் குறித்து, நடுவே நூலை இறுக்கிப் பிடியுங்கள். நூல் உச்சிப்பக்கம்தான் ஏறும். இரண்டு ஊரும் உலகின் ஏறக்குறைய எதிரெதிர்ப் பக்கம், தூரம் சுமார் 14,000 கிலோமீட்டர். 2021 ஜனவரியில் ஏர் இந்தியா அங்கிருந்து பெங்களூருக்கு விட்ட முதல் விமானம் துருவத்தின் மேலேயே வந்தது. ஓட்டியவர்கள் எல்லாரும் பெண்கள். பயணம் சுமார் 17 மணி நேரம்.

கோத்தகிரித் தம்பி: சென்னை–லண்டன் 8,200 கிலோமீட்டர். மணிக்கு 900 வேகம் என்றால் 9 மணி சொச்சம்தானே வருகிறது? டிக்கெட்டில் 11 போட்டிருக்கிறான்.

கணக்கு சரி. ஆனால் டிக்கெட்டில் இருப்பது விமானம் இங்கே நகர்வதிலிருந்து அங்கே போய் நிற்பது வரை. ஓடுபாதைக்கு வரிசை, மேலேறும் நேரம், லண்டன் வானில் வட்டமடிப்பது எல்லாம் அதில் அடக்கம். மேற்கே போகும்போது எதிர்க்காற்று வேறு. 2022 முதல் உக்ரைன் வான்வழி மூடிக் கிடப்பதால் சுற்றியும் போக வேண்டும். திரும்பும்போது காற்று தள்ளிவிடும், நேரம் குறையும்.

அப்புறம், டிக்கெட்டில் புறப்பாடும் வருகையும் அந்தந்த ஊர் நேரத்தில் இருக்கும். லண்டன் நமக்குக் கோடையில் நாலரை மணி நேரம் பின்னால், குளிர்காலத்தில் ஐந்தரை. இதைக் கூட்டாமல் "ஆறரை மணியில் போய்விடலாம்" என்று சந்தோஷப்பட்டவர்கள் உண்டு.

ஊட்டி வாசகர்: கோவை–சிங்கப்பூர் நாலரை மணி நேரம். வீட்டிலிருந்து எப்போது கிளம்ப?

இதைத்தான் எல்லாரும் முதலில் கேட்க வேண்டும். சிங்கப்பூர் 3,000 கிலோமீட்டருக்கு மேல், கோவை ஏர்போர்ட் இருக்கும் பீளமேடு 100 கூட இல்லை. ஆனால் கீழே இறங்கவே 3 மணி நேரம். ஏர்போர்ட்டில் 3 மணி நேரம் முன்னால் நிற்க வேண்டும். ஆக, ஏறுவதற்கு முன்பே 6 போச்சு. மே மாத சீசனில் இறங்கும் வண்டிகளைக் கோத்தகிரி வழியாகத் திருப்பிவிடுவார்கள். மழைக்காலத்தில் குன்னூர் மலைப்பாதையில் பர்லியார் பக்கம் ஒரு மரம் சாய்ந்தால் போதும், அப்படியே நிற்க வேண்டியதுதான். இன்னும் 2 மணி நேரம் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

கூடலூர்: எங்களுக்கும் கோவைதானா?

வேண்டாம். நாடுகாணி இறங்கி நிலம்பூர் வழியாகக் கரிப்பூரில் இருக்கும் கோழிக்கோடு ஏர்போர்ட்டுக்குப் போங்கள், வளைகுடாவுக்கு அங்கே விமானம் அதிகம். பெங்களூர் என்றால் பந்திப்பூர் சாலை இரவு 9 முதல் காலை 6 வரை மூடல், நினைவிருக்கட்டும்.

ஊட்டிப் பாட்டி: மலை ரயிலில் இறங்கி விமானம் பிடிக்கலாமா?

மேட்டுப்பாளையம் 46 கிலோமீட்டர், இறங்க மூன்றரை மணி நேரம். மண் சரிந்தால் அன்றைக்கு ரயிலே கிடையாது. டாக்ஸி சொல்லிவிடுங்கள் பாட்டி.